கணைய நோயும் இல்வாழ்க்கைத் துணையும்

சரீரத்தின் அவயவங்களுள் இருதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் வாய்த்த பிரசித்தி கணையத்துக்கு வாய்த்ததில்லை. இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி, ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த நீளத்தில் குறுக்கே கிடக்கும் இச்சுரப்பி, உண்ட உணவைச் செரிக்கச் செய்யும் ரசங்களை ஒரு நாளத்தின் வழியாகச் சிறுகுடலுக்கும், சர்க்கரையை ஆளும் இன்சுலினை நேரே ரத்தத்துக்கும் அனுப்பிக்கொண்டு, தன் இருப்பையே காட்டிக்கொள்ளாமல் ஆயுள் முழுவதும் உழைக்கிறது. அது நோயுற்ற பிறகுதான் குடும்பத்தார் அதன் பெயரைக் கேள்விப்படுகிறார்கள். அதுவும் பெரும்பாலும் வாயுத் தொல்லை என்றும், குடற்புண் என்றும், பித்தம் என்றும் பல ஆண்டுகள் பல பெயர்களால் வழங்கப்பட்ட ஒரு வலி, ஸ்கேன் படத்தில் வெண்புள்ளிகளாகச் சிதறிக் கிடக்கும் கற்களாக வெளிப்பட்ட தினத்தில்தான்.

நாட்பட்ட கணைய அழற்சி எனப்படும் இந்நோய் முற்றி, ரண சிகிச்சை தவிர வேறு வழியில்லை என்ற கட்டத்துக்கு வரும்போது, நோயாளியின் கணவரோ மனைவியோ செய்யவேண்டியது என்ன என்பதே இக்கட்டுரையின் விசாரம். இவ்விஷயத்தில் நம்மிடையே இரண்டு அபிப்பிராயங்கள் வழங்குகின்றன. துணைவர் தம்மை முற்றும் மறந்து, ஊண் உறக்கம் துறந்து, நோயாளியின் பக்கத்திலேயே இருப்பதுதான் தர்மம் என்பது ஒன்று. வைத்தியம் இன்று நிபுணர்களின் கையில் இருக்கிறது, பணத்தைக் கட்டிவிட்டு அவர்கள் சொல்கிறபடி நடந்தால் போதும் என்பது மற்றொன்று. முன்னது மயிலாப்பூரின் பழைய கூட்டுக் குடும்பங்களில் செல்வாக்குடன் இருந்தது. பின்னது அடையாறு, தியாகராய நகர் அடுக்கு மாடிகளில், பிள்ளைகள் அயல் நாட்டிலும் பெற்றோர் இருவர் மட்டும் இங்கேயுமாக வாழும் வீடுகளில், வேறு வழியின்றிப் பரவி வருகிறது. இரண்டுமே இந்நோயின் சுபாவத்தை அறியாததால் எழுந்தவை என்று காட்டுவதற்கு, முதலில் அந்தச் சுபாவத்தையே ஆராய வேண்டியிருக்கிறது.

நோயின் வரலாறும் பழியின் வரலாறும்

இது நமக்கு அந்நியமான நோயன்று. போஷணையற்ற ஏழைகளின் கணையத்தில் கற்கள் விளைந்திருப்பதை இந்தோனேசியாவில் கண்டு ஸுய்டெமா என்பவர் 1959-ஆம் ஆண்டில் எழுதினார். அதையடுத்துக் கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் நூற்றுக்கணக்கான நோயாளிகளைப் பரிசோதித்து 1968-இல் தனி நூலாகவே வெளியிட்டார். பாலியத்தில் வயிற்று வலி, வாலிபத்தில் நீரிழிவு, நடுவயதை எட்டுமுன் மரணம் என்பதே அக்காலத்தில் அந்நோய் சென்ற மார்க்கம். தென்னிந்தியாவில் லட்சம் பேரில் நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்கு இந்நோய் உண்டென்று பிற்காலக் கணிப்புகள் கூறின. மேல்நாடுகளில் காணும் விகிதத்தைப்போல் இது பன்மடங்கு. கற்களோடு கூடிய இந்தக் கணைய நீரிழிவைப் பற்றிய ஆராய்ச்சியில் சென்னைக்குச் சிறப்பான இடம் உண்டு. நீரிழிவு வைத்தியத்தின் முன்னோடியான டாக்டர் எம். விசுவநாதனும், அவருக்குப் பின் டாக்டர் வி. மோகனும் அவருடைய சகாக்களும் பல்லாண்டுகள் இந்நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து எழுதிய கட்டுரைகள் உலகெங்கும் மேற்கோளாக எடுத்தாளப்படுகின்றன. சென்னை நகரத்தில் மட்டும் 26,001 பேரைக் கொண்டு நடத்திய ஓர் ஆய்வு, நீரிழிவு உள்ளவர்களுள் ஆயிரத்தில் மூன்று நான்கு பேருக்கு அது கணைய நோயால் வந்தது என்று கண்டது.

காரணம் என்ன என்ற வினாவுக்குக் கிடைத்த விடைகளின் சரித்திரம் குடும்பங்களுக்கு மிகவும் முக்கியமானது. ஏனெனில் காரணம் தெரியாத இடத்தில் பழி வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒரு காலத்தில் மரவள்ளிக் கிழங்கின்மீது சந்தேகம் விழுந்தது. அதையே உண்ணாதவர்களுக்கும் நோய் வந்ததோடு, எலிகளுக்கு நெடுநாள் மரவள்ளியைக் கொடுத்துப் பார்த்த சென்னை ஆராய்ச்சியாளர்கள், கணைய அழற்சியோ நீரிழிவோ தோன்றவில்லை என்று 2000-ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். பிறகு, செரிமான ரசங்கள் கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொண்டு அதைத் தின்னாதபடி தடுக்கும் புரதம் ஒன்றின் மரபணுவில் ஏற்படும் மாறுதல், இந்திய நோயாளிகள் பலரிடம் காணப்பட்டது. நாடு முழுவதிலுமிருந்து 1,086 நோயாளிகளைச் சேர்த்து 2008-இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ அறுபது சதவீதத்தினருக்குக் காரணம் இன்னதென்று தெரியவில்லை. சுமார் முப்பத்தொன்பது சதவீதத்தினருக்கு மதுவே காரணம்.

இந்த இரண்டு எண்களையும் இல்லறத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மதுவைத் தொட்டறியாத ஒருவர் கணைய நோய் என்று சொன்ன மாத்திரத்தில் உற்றார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். மனைவிக்கு நோய் வந்தாலோ, கல்யாணத்துக்கு முன்பே இருந்ததை மறைத்துவிட்டார்கள் என்ற பேச்சு புக்ககத்தில் கிளம்புகிறது. கணவனுக்கு வந்தால், எண்ணெயும் காரமுமாகப் போட்டு அவள்தான் கெடுத்தாள் என்கிறார்கள். அறுபது சதவீதத்தினரின் நோய்க்கு வைத்திய சாஸ்திரமே காரணம் கூற முடியாதபோது, சமையலறையில் அதைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்வது அறியாமை. துணைவர் செய்யக்கூடிய முதல் உபகாரம், தம்மீதும் நோயாளிமீதும் விழும் இப்பழியை வீட்டு வாசலிலேயே தடுத்து நிறுத்துவதுதான்.

கத்தி எப்போது வேண்டும்?

கணையத்தின் நாளம் கல்லால் அடைபட்டு ரசம் வடிய வழியின்றி அழுத்தம் ஏறும்போது, மேல்வயிற்றில் தொடங்கி முதுகுவரை ஊடுருவும் வலி, நோயாளியை இரவெல்லாம் முன்னோக்கிக் குனிந்து உட்கார வைக்கிறது. இந்த வலியே ரண சிகிச்சைக்கு மிகச் சாதாரணமான காரணம். அதைத் தவிர, வீங்கிய கணையத்தின் தலை பித்த நாளத்தை நெரித்துக் காமாலை உண்டாக்கலாம். முன்சிறுகுடலை அடைத்து ஓயாத வாந்தியை விளைவிக்கலாம். நீர் தேங்கிய போலிக் கட்டிகள் தோன்றலாம். மண்ணீரலின் சிரையில் ரத்தம் உறைந்து, இரைப்பை நாளங்கள் புடைத்து, ரத்த வாந்தியில் கொண்டுபோய் விடலாம். புற்றுநோயோ என்ற சந்தேகமும் சில சமயம் கத்தியை எடுக்கச் செய்கிறது. இந்நோய் நெடுங்காலம் நீடித்தவர்களுக்குக் கணையப் புற்றுநோய் வரும் அபாயம் பன்மடங்கு அதிகம் என்பதை 1994-இல் எடுத்துக்காட்டியதும் சென்னை நோயாளிகளைப் பற்றிய ஆய்வுதான்.

சிகிச்சை முறைகள் பல. வாய்வழியே குழாயைச் செலுத்தி நாளத்தில் ஸ்டென்ட் வைப்பதும், வெளியிலிருந்து அதிர்வலைகளால் கல்லைப் பொடியாக்குவதும் வயிற்றைத் திறவாத மார்க்கங்கள். திறந்து செய்பவற்றுள், நாளத்தை நெடுக்காகப் பிளந்து, கற்களை அகற்றி, சிறுகுடலின் ஒரு பகுதியைக் கொணர்ந்து அதன்மேல் பொருத்தித் தைப்பது 1960-இல் பார்ட்டிங்டனும் ரோஷெலும் திருத்தி அமைத்த முறை. அத்துடன் கணையத் தலையின் திசுவைக் குடைந்தெடுப்பதையும் சேர்த்தது 1987-இல் ஃப்ரே வகுத்தது. தலைப்பகுதியை முன்சிறுகுடலோடு அறவே அகற்றும் விப்பிள் முறை 1935 முதல் வழங்கும் பெரிய காரியம். புற்றுநோய் என்ற ஐயம் வலுக்கும்போதே அது பெரும்பாலும் வேண்டப்படுகிறது.

இவற்றுள் எது முதலில் என்ற தர்க்கம் நெடுநாள் நடந்தது. கத்தி என்றால் கடைசிப் பட்சம் என்ற எண்ணம் நோயாளிகளுக்கு மட்டுமின்றி வைத்தியர்களுக்கும் இருந்தது. நெதர்லாந்தில் 39 பேரைக் கொண்டு நடத்தி 2007-இல் வெளியிட்ட சோதனையில், இரண்டாண்டு முடிவில், குழாய் சிகிச்சை பெற்றவர்களுள் 32 சதவீதத்தினருக்கும் ரண சிகிச்சை பெற்றவர்களுள் 75 சதவீதத்தினருக்கும் வலி முழுமையாகவோ ஓரளவோ தணிந்தது. அதே நாட்டில் 88 பேரைக் கொண்டு நடத்தி 2020-இல் வெளியிட்ட மற்றொரு சோதனை, வலியின் ஆரம்பத்திலேயே செய்யும் ரண சிகிச்சை, படிப்படியாகப் பிற வழிகளைப் பார்த்துவிட்டுக் கடைசியில் செய்வதைக் காட்டிலும் வலியைக் குறைக்கிறது என்று கண்டது. பதினெட்டு மாதத்து வலியின் சராசரி அளவு முன்னவர்களுக்கு 37, பின்னவர்களுக்கு 49. வித்தியாசம் பிரமிக்கத்தக்கதன்று, ஆயினும், "இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போமே" என்று ஆண்டுகளைக் கடத்துவது நிர்ப்பயமான மார்க்கம் என்று இனிச் சொல்லிவிட முடியாது.

இந்தச் சோதனைகளே உணர்த்தும் வேறோர் உண்மையும் உண்டு. ரண சிகிச்சை அடைப்பை நீக்குகிறது, நோயை நீக்குவதில்லை. நார்பாய்ந்து செத்த திசு மீண்டும் உயிர்பெறுவதில்லை. சர்க்கரையும் செரிமானக் குறையும் தொடர்கின்றன. வலியும் எல்லோரையும் முற்றாக விட்டுப் போய்விடுவதில்லை. இதை முன்னதாக அறியாத குடும்பம், "எல்லாம் முடிந்துவிட்டது" என்று டிஸ்சார்ஜ் தினத்தன்று எண்ணி, மூன்று மாதம் கழித்து ஏமாற்றமடைகிறது.

கையெழுத்து யாருடையது?

ரண சிகிச்சைக்கு முன் கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டப்படும் காகிதம் பெரும்பாலும் துணைவர் கைக்கே வருகிறது. இது நம் நாட்டு வழக்கம், சட்டம் வேறு. சமீரா கோலி வழக்கில் 2008 ஜனவரியில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பரிசோதனைக்கென்று மட்டும் சம்மதித்து மயக்கத்தில் இருந்த பெண்ணுக்கு, தாயாரின் சம்மதத்தைப் பெற்றுக் கர்ப்பப்பையை அகற்றியது செல்லாது என்று கூறிற்று. தெளிந்த புத்தியுள்ள, வயது வந்த நோயாளி தாமே முடிவு செய்யும் நிலையில் இருக்கும்போது, அவருக்காகப் பிறர் சம்மதம் தர முடியாது. பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குத் தந்ததாகாது. உயிராபத்து மட்டுமே விதிவிலக்கு.

எனவே டாக்டரின் அறைக்குள் துணைவருக்குரிய ஸ்தானம் நியாயாதிபதியின் ஸ்தானமன்று; சாட்சியின் ஸ்தானம். ஆனால் அந்தச் சாட்சியம் விலைமதிப்பற்றது. "வலி எப்படி இருக்கிறது?" என்று டாக்டர் கேட்கிறார். "பரவாயில்லை டாக்டர், சமாளிக்கிறேன்" என்கிறார் கணவர். பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டிருக்கும் மனைவி, "நேற்று ராத்திரி பூரா தலகாணியைக் கட்டிண்டு குனிஞ்சேதான் உட்கார்ந்திருந்தார் டாக்டர். போன மாசம் நாலு நாள் ஆபீஸ் போகலை. வேஷ்டி இடுப்பில் நிற்கலை" என்கிறார். சிகிச்சையின் திசையையே மாற்றக்கூடியவை இந்த மூன்று வாக்கியங்கள். உறக்கம், வேலை, எடை ஆகிய மூன்றும் அவற்றில் அடங்கிவிட்டன. இதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதிவாரியாக எழுதி வைத்திருப்பவர், எந்த ஸ்கேனும் காட்டாத ஒன்றை வைத்தியருக்குக் காட்டுகிறார்.

கேட்கவேண்டிய கேள்விகளும் அதே புத்தகத்தில் இருக்க வேண்டும். எந்த முறை, ஏன் அந்த முறை? நாளம் எவ்வளவு விரிந்திருக்கிறது? இந்த ரண சிகிச்சையை இவ்விடத்தில் ஆண்டுக்கு எத்தனை பேருக்குச் செய்கிறார்கள்? தையல் கசிந்தால் என்ன செய்வார்கள்? மண்ணீரலை எடுக்க நேருமா, நேருமானால் தடுப்பூசிகளை எப்போது போடுவது? புற்றுநோய் என்ற சந்தேகம் உண்டா? இந்தக் கடைசிக் கேள்வியைத் துணைவர் தனியே டாக்டரிடம் கேட்டுத் தம்மிடமே வைத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே உண்டு. கருணையால் செய்வதே ஆயினும், நோயாளியின் சரீரத்தைப் பற்றி அவரை விடப் பிறருக்கு அதிகம் தெரிந்திருப்பது, அந்த இருவருக்குமிடையே மௌனச் சுவர் ஒன்றை எழுப்புகிறது. எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று நோயாளியையே கேட்டு, அந்த அளவுக்குச் சொல்வதே உசிதம்.

பணமும் படுக்கையும்

தென் சென்னைவாசிகளுக்கு இடத்துக்குக் குறைவில்லை. இந்தியாவில் குடல் ரண சிகிச்சையைத் தனித் துறையாக வளர்த்த முன்னோடியான டாக்டர் என். ரங்கபாஷ்யம் பணியாற்றிய அரசுப் பொது மருத்துவமனைக்கு, திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறினால் பார்க் டவுனில் இறங்கி நடந்தே போய்விடலாம். தனியார் ஆஸ்பத்திரிகளோ எந்தப் பெரிய சாலையிலும் உண்டு. தீர்மானிக்க வேண்டியது தூரமும் கட்டடமும் அல்ல. கணைய ரண சிகிச்சையில் கை பழகிய குழு எங்கே என்பதுதான். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டொன்றுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை துணை நிற்கிறது. தனியார் இன்ஷூரன்ஸ் வைத்திருப்பவர்கள் இரண்டு சங்கதிகளைக் கவனிக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024 ஏப்ரல் முதல் அதிகபட்சம் மூன்றாண்டாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. ஆயினும் நோயை மறைத்து எடுத்த பாலிசி, வேண்டிய சமயத்தில் கைவிடும். அறை வாடகைக்கு வரம்பு இருந்து, அதற்கு மேற்பட்ட அறையை எடுத்தால், வாடகை மட்டுமின்றி ரண சிகிச்சைக் கட்டணம் முதலான பிற செலவுகளும் அதே விகிதத்தில் வெட்டப்படலாம். இந்தக் காரியங்களை நோயாளியின் கட்டிலருகே வைத்துப் பேசாமல் துணைவரோ அவருடைய தமையனோ தம்பியோ ஏற்றுக்கொள்வது, மருந்துக்குச் சமமான ஓர் உபகாரம்.

ரண சிகிச்சை பல மணி நேரம் நீடிக்கும். அது முடிந்து தீவிர சிகிச்சை அறையில் முதன்முதலாகப் பார்க்க அனுமதிக்கும்போது, மூக்கில் ஒரு குழாயும், வயிற்றின் பக்கவாட்டில் திரவம் வடியும் குழாய்களும், மூத்திரக் குழாயும், கழுத்தில் ஊசியுமாகக் கிடக்கும் உருவத்தைக் கண்டு பலர் நிலைகுலைந்துவிடுகிறார்கள். இவையெல்லாம் எதிர்பார்த்தே பொருத்தப்பட்டவை என்பதை முன்கூட்டியே கேட்டறிந்திருந்தால் பாதி பீதி அகன்றுவிடும். வடியும் திரவத்தின் நிறமும் அளவும் மாறுவது, காய்ச்சல், வயிறு உப்புதல், நாடி வேகம் ஆகியவை தையல் கசிவதற்கு அடையாளமாக இருக்கக்கூடும். நர்ஸிடம் உடனே சொல்ல வேண்டியவை இவையே. மூன்று பந்துள்ள பிளாஸ்டிக் கருவியை உறிஞ்சி நோயாளி மூச்சுப் பயிற்சி செய்யவும், சீக்கிரமே எழுந்து நாலடி நடக்கவும் பக்கத்திலிருந்து ஊக்குவிப்பது, நெற்றியில் விபூதி இடுவதற்குக் குறைந்த சேவையன்று. திருவான்மியூர் மருந்தீசுவரர் சந்நிதியில் அர்ச்சனை செய்யப் போகிறவர் போய்வரட்டும். அந்த நேரத்தில் மற்றொருவர் நோயாளியை நடக்கச் செய்யட்டும்.

பத்தியமும் போஷணையும்

வீடு திரும்பிய பிறகு துணைவரின் ராஜ்யம் சமையலறை. இங்கேதான் நம் மரபு பெரிய இடையூறாக நிற்கிறது. வயிற்று நோய் என்றால் பத்தியம், பத்தியம் என்றால் கஞ்சியும் மிளகு ரசமும் சுட்ட அப்பளமும் என்ற நம்பிக்கை நம் ரத்தத்தில் ஊறியது. கணைய நோயாளியோ முன்னமே பட்டினியில் இளைத்தவர். சாப்பிட்டால் வலிக்கும் என்று பயந்து சாப்பாட்டைக் குறைத்தவர். சாப்பிட்டதும் செரியாமல் எண்ணெய்ப் பசையுள்ள மலமாய்க் கழிந்து, அதோடு ஏ, டி, ஈ, கே வைட்டமின்களையும் இழந்தவர். கொழுப்பை அடியோடு விலக்க வேண்டியதில்லை என்பதே இன்றைய வைத்திய சம்மதம். பருப்பு, தயிர், முட்டை, மீன் என்று புரதம் மிகுந்த ஆகாரத்தை ஐந்தாறு வேளையாகப் பிரித்துக் கொடுத்து, செரிமானத்துக்குக் கணைய என்ஸைம் கேப்ஸ்யூலைத் துணையாகக் கொள்ள வேண்டும்.

அந்தக் கேப்ஸ்யூலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில் ரண சிகிச்சையின் பலனைக் காப்பதும் கெடுப்பதும் பல வீடுகளில் இதுவே. பெட்டியின்மேல் 10,000 என்றோ 25,000 என்றோ அச்சிட்டிருப்பது கொழுப்பைச் செரிக்கும் என்ஸைமின் அளவு. ஒரு முழுச் சாப்பாட்டுக்கு 40,000 முதல் 50,000 வரையும், சிற்றுண்டிக்கு அதில் பாதியும் ஆரம்ப அளவாகச் சிபாரிசு செய்யப்படுகிறது. டாக்டர் அதைக் கூட்டலாம், குறைக்கலாம். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று மற்ற மாத்திரைகளைப்போல் அதை விழுங்குவதால் யாதொரு பயனும் இல்லை. இலையில் சாம்பார் சாதம் விழும்போது ஒன்று, ரசத்துக்குப் போகும்போது ஒன்று என்று உணவோடு உணவாக உள்ளே போனால்தான் அது வேலை செய்யும். மெல்லவும் கூடாது, சூடான சாதத்தில் பிரித்துப் போடவும் கூடாது. மாலையில் காபியோடு இரண்டு வடை தின்றால் அதற்கும் வேண்டும். ஆகையால் கேப்ஸ்யூல் புட்டி இருக்கவேண்டிய இடம் பீரோ அன்று. உப்பு ஜாடிக்குப் பக்கத்தில், சாப்பாட்டு மேஜையின்மேல்.

இதில் சைவ உணவுக் குடும்பங்களுக்கு ஒரு தர்மசங்கடம் உண்டு. நம்பத்தக்க என்ஸைம் மருந்து இன்றும் பன்றியின் கணையத்திலிருந்தே எடுக்கப்படுகிறது. மயிலாப்பூரின் மாட வீதி வீடுகளிலும், சமண, முகம்மதியக் குடும்பங்களிலும் இதைக் கேள்விப்பட்டதும் மருந்தை ரகசியமாக நிறுத்திவிடுபவர்கள் உண்டு. நோயாளிக்குச் சொல்லாமலே துணைவர் கொடுத்து வருவதும் உண்டு. இரண்டும் தவறு. உயிர்காக்கும் மருந்துக்கு விலக்களிக்கும் மார்க்கம் பல மதங்களில் இருக்கிறது. தெரிந்து, யோசித்து, விரும்பினால் தம் ஆசாரியரையோ மௌல்வியையோ கேட்டு, நோயாளி தாமே முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது.

சர்க்கரையும் இங்கே வழக்கமான சர்க்கரையன்று. கணையம் அழியும்போது சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலினோடு, தாழ்ந்த சர்க்கரையை உயர்த்தும் குளுககானும் குன்றிவிடுவதால், இன்சுலின் ஊசி சற்று மிகுந்தாலும், போட்ட பின் சாப்பாடு சற்றுத் தவறினாலும் அபாயமான தாழ்வு நேரிடும். விடியற்காலையில் உடம்பு சில்லிட்டு வியர்த்து, பேச்சுக் குழறி, காரணமின்றிக் கோபிப்பவரைக் கண்டால், துணைவர் சண்டைக்குப் போகாமல் விரலில் குத்திச் சர்க்கரையைப் பார்த்து, நினைவு இருக்குமானால் சர்க்கரைத் தண்ணீரைக் குடிப்பிக்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

வலியும் மதுவும்

வலி மாத்திரை மிகவும் நுட்பமான பகுதி. டிரமடால் 2018 முதல் போதைப் பொருள் சட்டத்தின்கீழ் வந்துவிட்டதால், மருந்துக் கடையில் அதைச் சந்தேகக் கண்ணோடுதான் எடுத்துக் கொடுக்கிறார்கள். சீட்டு இல்லாமல் கொடுப்பதும் குற்றம். உண்மையான வலியோடு போகும் நோயாளி குற்றவாளியைப்போல் கூசுகிறார். மறுபக்கம், இவ்வகை மருந்துகளை நெடுநாள் உண்டவர்களுக்கு ரண சிகிச்சைக்குப் பின்னும் வலி எளிதில் அடங்குவதில்லை என்பதும் மெய். எத்தனை மாத்திரை எந்த மணிக்கு என்று துணைவர் குறித்து வைப்பது போலீஸ் வேலையாகிவிடக் கூடாது. இருவரும் பேசி ஒப்புக்கொண்ட கணக்காக அது இருக்க வேண்டும்.

மதுவால் வந்த நோயில் நிலைமை இன்னும் கடினம். சில்லறை மது விற்பனையை 2003 முதல் அரசே நடத்தும் மாநிலம் இது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும் வழியிலேயே கடை இருக்கிறது. ரண சிகிச்சைக்குப் பிறகும் குடி தொடர்ந்தால் மிஞ்சிய கணையமும் அழிகிறது. புகைப் பழக்கமும் அதேபோல் நோயை முடுக்குகிறது. 1980-இல் தோன்றி, அடையாறு இந்திரா நகரில் நடக்கும் டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி நிலையம் இங்கே நினைக்கத்தக்கது. குடிப்பழக்கத்தால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் தொடங்கிய அந்நிலையம், குடியை ஒழுக்கக் கேடாகக் கருதாமல் வியாதியாகவே கருதி, நோயாளியோடு மனைவிக்கும் குடும்பத்தாருக்கும் தனியே ஆலோசனை அளிக்கும் முறையைக் கைக்கொண்டது. கணவன் குடிப்பதற்கு மனைவி காரணமல்லள், அதை நிறுத்துவதும் அவள் ஒருத்தியின் சாமர்த்தியத்தில் இல்லை என்பதை அப்பெண்கள் முதலில் கற்கிறார்கள். குடியில்லாத வீட்டுக் கணைய நோயாளியின் துணைவருக்கும் அதே பாடம் வேண்டியிருக்கிறது.

துணைவரின் நிலை

நோயாளியைக் கவனிப்பவரை யார் கவனிப்பது என்ற வினா நம் சமூகத்தில் கேட்கப்படுவதே இல்லை. மனைவி சுச்ரூஷை செய்தால் அது கடமை என்று கவனிக்கப்படாமல் போகிறது. கணவன் செய்தால் அதிசயம் என்று கொண்டாடப்படுகிறது. இரண்டாலும் தீமையே. கடமை என்று விடப்பட்ட மனைவி, தன் முதுகு வலியையும் தன் ரத்த அழுத்த மாத்திரையையும் மறந்து, பாங்கு வேலையையோ பள்ளிக்கூட வேலையையோ விடுகிறாள். கொண்டாடப்படும் கணவனோ, ஆஸ்பத்திரி வராந்தாவில் காட்டும் வீரத்தை அடுப்பங்கரையில் காட்ட அறியாதவனாய் இருப்பதால், மனைவி தையலும் பிரிக்காத வயிற்றோடு எழுந்து உலை வைக்க நேர்கிறது. ரண சிகிச்சைத் தேதி குறித்த அன்றே, அந்த வீட்டில் யார் சமைப்பது, யார் மருந்து வாங்குவது, இரவு யார், பகல் யார் என்று எழுதி ஒட்டிவிடுவது நல்லது. உதவட்டுமா என்று கேட்கும் மாடி வீட்டாரிடமும் மைத்துனரிடமும், "ஒன்றும் வேண்டாம், பகவான் இருக்கிறான்" என்று சொல்லி அனுப்பாமல், செவ்வாய்க்கிழமை மத்தியானச் சாப்பாடு, வெள்ளிக்கிழமை ரத்தப் பரிசோதனைக்குத் துணை என்று குறிப்பிட்ட ஒரு காரியத்தைக் கேட்டால், அவர்களும் மகிழ்ந்து செய்கிறார்கள்.

நோயாளி எரிந்து விழுவதும் உண்டு. ஓயாத வலி, தூக்கமின்மை, ஏறி இறங்கும் சர்க்கரை, வருமான இழப்பு ஆகியவை சேர்ந்து மனச்சோர்வை உண்டாக்குகின்றன. அதற்கும் வைத்தியம் உண்டு. அதைச் சுபாவ தோஷமாக எண்ணித் துணைவர் மனம் கசந்துபோவது, இல்லறத்தில் நோய் செய்யும் மிகப் பெரிய சேதம்.

முடிவுரை

தொடக்கத்தில் சொன்ன இரண்டு அபிப்பிராயங்களையும் இப்போது எடைபோடலாம். தியாகமே தர்மம் என்பது சில வாரங்களில் முடியும் நோய்க்குப் பொருந்தும். ஊண் உறக்கம் துறந்து பத்து நாள் இருக்கலாம், இருபது ஆண்டு இருக்க முடியாது. வாழ்நாள் முழுவதும் தொடரும் நோயில், தம்மை அழித்துக்கொள்ளும் துணைவர் முதல் வருஷத்திலேயே நோயாளிக்கு இல்லாமற் போய்விடுகிறார். எல்லாம் நிபுணர்களின் பொறுப்பு என்பதோ, கத்தி பிடிக்கும் அந்த ஒரு நாளைக்குப் பொருந்தும். கேப்ஸ்யூலை எந்தக் கவளத்தோடு விழுங்குவது என்பதையும், நேற்றிரவு எத்தனை மணிக்கு வலி எழுப்பியது என்பதையும் எந்த நிபுணரும் அருகிருந்து பார்ப்பதில்லை.

ஆகவே இந்நோயில் அன்பின் உத்தம வடிவம் ஒழுங்குதான். தேதியிட்ட குறிப்பு, வேளை தவறாத ஆகாரம், சாப்பாட்டோடு சேர்ந்த மருந்து, பகிர்ந்து செய்யும் வேலை, நோயாளியின் முடிவை அவரிடமே விட்டுவைக்கும் மரியாதை ஆகிய இவை பார்ப்பவர் கண்ணுக்குத் தியாகத்தைப்போல் பிரகாசிக்க மாட்டா. உறவினர் இவற்றைப் புகழவும் மாட்டார்கள். ஆயினும், ரண சிகிச்சை தந்த பலனை அடுத்த பல ஆண்டுகளுக்குக் காப்பவை இவையே. நம் ஆஸ்பத்திரிகள் டிஸ்சார்ஜ் சீட்டோடு, துணைவருக்கென்று தனியே ஒரு மணி நேரம் ஒதுக்கி, கேப்ஸ்யூலையும் சர்க்கரைத் தாழ்வையும் பற்றித் தமிழில் விளக்கிச் சொல்லும் வழக்கத்தை ஏற்படுத்துமானால், கத்தியின் கூர்மைக்குச் செலவிடும் பணத்தில் மிகச் சிறு பங்கில் அதன் பலனை இரட்டிப்பாக்கலாம். அதுவரை அந்த ஒரு மணி நேரத்தைக் கேட்டுப் பெறுவது துணைவரின் உரிமை. கேட்கத் தயங்காமலிருப்பது அவருடைய கடமை.